மாதிரி மோட்டார் சைக்கிளின் கிளியர் பாகங்களுக்கு வண்ணம் பூசும் முறை

நிஜ வண்டியின் 1/12 அளவில், ஒட்டிச் சேர்க்க வேண்டிய துண்டுகளாக வரும் மோட்டார் சைக்கிள் கிட் ஒன்றைத் திறந்தால், ஒளிபுகும் பிளாஸ்டிக் பாகங்கள், அதாவது கிளியர் பாகங்கள், தனியாக ஒரு சிறு பையில் இருக்கும். சாலையில் ஓடும் வண்டியாக இருந்தால் விண்ட்ஸ்கிரீன், ஹெட்லைட் கண்ணாடி, நான்கு இண்டிகேட்டர் லென்ஸ்கள், டெயில் லைட் ஆகியவையும், சில கிட்களில் மீட்டர் மூடியும் இருக்கும். பந்தய வண்டியாக இருந்தால் பெரும்பாலும் விண்ட்ஸ்கிரீன் ஒன்றுதான். எண்ணிக்கையில் இவை சொற்பமே என்றாலும், டாங்கையும் எஞ்சினையும் அப்பழுக்கின்றி முடித்தவர்கள்கூடக் கடைசியில் கோட்டை விடுவது இங்கேதான்.

சாதாரணப் பாகத்துக்கு ஒரு முகம்தான் உண்டு. அதன் பின்புறத்தில் பசை வழிந்தாலும் கீறல் விழுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. கிளியர் பாகத்தில் முன்முகம், பின்முகம், விளிம்பின் தடிப்பு, ஒட்டிய பசை, அதற்குப் பின்னால் இருக்கும் பாகத்தின் நிறம் ஆகிய எல்லாமே ஒரே பார்வையில் விழுகின்றன. ஆகவே தூரிகையைக் கையில் எடுக்கும் முன், இந்தப் பூச்சைப் பார்ப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து, எதன் ஊடாகப் பார்ப்பார் என்ற கேள்வியை ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே பூசுவதா வெளியே பூசுவதா, எந்த நிறம் முதலில், பின்னணிக்கு என்ன நிறம் என்பவற்றுக்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

எந்த பெயிண்ட்?

கிட்களின் கிளியர் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவை. மற்றப் பாகங்களைவிட இவை விறைப்பானவை, எளிதில் உடைபவை, கரைப்பான் பட்டால் விரைவில் பாதிக்கப்படுபவை. புதியவர்கள் ஆல்கஹாலில் கரையும் அக்ரிலிக் பெயிண்டிலிருந்து தொடங்குவதே நல்லது. பூச்சு பிசகினாலும் பிளாஸ்டிக்குக் கேடில்லாமல் துடைத்தெடுத்துவிடலாம். டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வரிசையில் எக்ஸ்-19 ஸ்மோக், எக்ஸ்-24 கிளியர் மஞ்சள், எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு, எக்ஸ்-27 கிளியர் சிவப்பு ஆகிய நான்கும் இருந்தால் எந்த மோட்டார் சைக்கிளையும் முடித்துவிடலாம். மிஸ்டர் கலர் என்ற பெயரில் வரும் லாக்கர் (வீரியமான கரைப்பான் கொண்ட பெயிண்ட்) வரிசையில் இவற்றுக்கு இணையானவை 101, 48, 49, 47 என்ற எண்களில் கிடைக்கின்றன. லாக்கர் விரைவாக உலர்ந்து கெட்டிப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே தடவையில் ஈரம் சொட்டும்படி அடித்தால், கிளியர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் வலைபோலப் படர்ந்துவிடும். அதைத் திருத்த வழியில்லை.

ஸ்ப்ரே கேன் வாங்கும்போது எழுத்தைக் கவனிக்க வேண்டும். டாமியாவின் டிஎஸ் (TS) வரிசை பாலிஸ்டைரீனுக்கு உரியது. பிஎஸ் (PS) வரிசை ரேடியோவால் இயக்கும் மாதிரி கார்களின் பாலிகார்பனேட் உடல்களுக்கென்று செய்யப்பட்டது. அது உள்ளிருந்து பூசும் பெயிண்ட் என்பதால் கிளியர் பாகங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பாலிஸ்டைரீனை அரித்துவிடும். எண்ணெய் சார்ந்த பெயிண்டான எனாமலைப் பொறுத்தவரை, மீட்டரின் முள் அல்லது ஒரு சிறு புள்ளி வரையப் பயன்படுத்தலாம். நீர்த்த எனாமலை விளிம்புகளில் ஓடவிடுவது மட்டும் கூடாது. திருகோ முளையோ அழுத்தும் இடத்தில் அதன் தின்னர் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) புகுந்தால், நாள் கழித்துக்கூட பாகம் விண்டுவிடும்.

வெட்டுதல், தேய்த்தல், பளபளப்பாக்குதல்

பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை ஒரே வெட்டில் பிரிக்கக் கூடாது. நிப்பரின் (வெட்டுக்குறடின்) அழுத்தம் பாகத்துக்குள் ஓடி, வெட்டிய இடத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு பிறை வடிவ விரிசலை உண்டாக்கும். முதலில் பாகத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தை நுண்பல் ரம்பத்தாலோ உப்புத்தாளாலோ மெல்லக் குறைப்பதே பாதுகாப்பானது. வெட்டிய சட்டத் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அதே பிளாஸ்டிக்கில் பெயிண்டைச் சோதித்துப் பார்க்க அவற்றைவிடப் பொருத்தமானது வேறில்லை.

விண்ட்ஸ்கிரீனின் நடுவே அச்சுக் கோடு ஓடுகிறதா என்பதை ஒளிக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், புதிய பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிச் சமப்படுத்தி, அதன்பின் 1000, 1500, 2000, 3000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் போய்விட்டனவா என்று தெரிந்துகொள்ளலாம். இதில் ஒரு எண்ணைத் தாண்டிச் செல்பவர்கள் அந்த நேரத்தைப் பாலிஷ் போடும்போது இரு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு பாலிஷ் கலவையில் நடுத்தர ரகத்தையும் இறுதி ரகத்தையும் மென்மையான துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். வேகமாகத் தேய்த்தால் சூடேறி மேற்பரப்பு மங்கும்.

தேய்த்த பாகம் முற்றிலும் தெளிவாகாவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கீறல் கண்ணுக்குத் தெரிவதே, அங்கே பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் இடையில் ஒளி சிதறுவதால்தான். பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.59, அக்ரிலிக்கினுடையது ஏறத்தாழ 1.49, காற்றினுடையது 1. கீறலுக்குள் காற்றுக்குப் பதிலாக அக்ரிலிக் கிளியர் (நிறமற்ற பெயிண்ட்) நிரம்பிவிட்டால் ஒளி பெருமளவு சிதறாமல் கடந்துவிடும். மயிரிழைக் கீறல்கள் மறைந்துபோகும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலுக்கு மட்டும் இது உதவாது.

அடுத்து பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் பாகத்தைக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி, அறையில் உள்ள தூசி முழுவதும் அதன்மேல் வந்து உட்காரும். கழுவியபின் விரலால் தொடுவதைத் தவிர்த்து, வண்டியில் பொருத்தியதும் மறைந்துவிடும் முளையில் சிறிது ஒட்டுக்களிமண் வைத்து ஒரு குச்சியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூசும் முன் ஒரு படலம்

நிறத்துக்கு அடியில் பூசும் ஒளிபுகா முதல் பூச்சான பிரைமர் இங்கே பயன்படாது என்பதால், அதன் இடத்தை மெல்லிய கிளியர் படலம் ஒன்று எடுத்துக்கொள்கிறது. ஏகே இன்டராக்டிவ் நிறுவனத்தின் கௌசி ஏஜென்ட் போன்ற, கண்ணாடிப் பாகங்களுக்கென்றே விற்கப்படும் நீர்த்த அக்ரிலிக்கில் பாகத்தை முக்கி எடுத்து, கீழ் விளிம்பை ஒரு மெல்லிய காகிதத்தில் தொட்டால், திரண்டு நிற்கும் மிகுதி வடிந்துவிடும். பிறகு தூசி படியாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, ஒரு நாள் விட்டுவிடலாம். இப்படலம் கீறல்களை நிரப்புவதோடு, பின்னால் பூசப்போகும் நிறத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் ஒரு காப்பாகவும் நிற்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானால் பிறகு இதைத் தொட வேண்டாம். அக்ரிலிக் படலத்தை அம்மோனியா கரைத்துவிடும்.

விண்ட்ஸ்கிரீனின் கரை

பல வண்டிகளில் விண்ட்ஸ்கிரீனின் கீழ் விளிம்பில் ஃபேரிங்கின் (வண்டியை மூடும் வெளிக்கூட்டின்) நிறத்திலோ கறுப்பிலோ ஒரு கரை இருக்கும். இந்த வேலையில் மிக அதிக நேரம் எடுப்பதும், எடுக்க வேண்டியதும் இக்கரைதான்.

விண்ட்ஸ்கிரீன் இரு திசைகளிலும் வளைந்திருப்பதால் அகலமான மாஸ்கிங் டேப்பை ஒட்டினால் சுருங்கி மடியும். டேப்பைக் கண்ணாடிப் பலகையின்மேல் ஒட்டி, இரும்பு அளவுகோலை வைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டைகளாக வெட்டிக்கொண்டு, அவற்றைக் கரையின் எல்லைக்கோட்டில் வளைத்து ஒட்டுங்கள். பட்டை மெலிதாக இருந்தால் வளைவுக்கு ஏற்ப நெளிந்துகொடுக்கும். எல்லை முடிந்தபின் நடுப்பகுதியை எஞ்சிய டேப் துண்டுகளால் மூடி, இடுக்குகளில் திரவ மாஸ்க்கை (உலர்ந்தபின் உரித்தெடுக்கக்கூடிய திரவத்தை) தடவலாம். சில கிட்களில் வெட்டுக்கோடு அச்சிட்ட மாஸ்க் தாள் தரப்படுகிறது. அதையும் ஒரே துண்டாக ஒட்டாமல் இரண்டு மூன்றாக வெட்டி ஒட்டினால் மடிப்பு விழாது. இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று நேர் எதிரே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் 1/12 அளவில் அது 6 மில்லிமீட்டருக்குச் சமம். கோணல் உடனே கண்ணில் படும்.

இனி டேப்பின் ஓரத்தை மரப் பற்குச்சியின் முனையால் எல்லை நெடுகிலும் அழுத்தித் தேயுங்கள். மஞ்சள் நிறக் காகித டேப்பில் ஒரு வசதி உண்டு. சரியாக ஒட்டாத இடம் வெளிறிய நிறத்தில் இருக்கும். அழுந்த ஒட்டிய இடம் சற்றே கருத்து, அடியில் உள்ள பிளாஸ்டிக்கோடு ஒன்றியதுபோலத் தெரியும். வெளிறிய திட்டு ஒன்றுகூட மிஞ்சாத வரை தேய்க்க வேண்டும். உள்முகத்தையும் முழுவதுமாக டேப்பால் மூடிவிடுங்கள், ஏனெனில் தெளிக்கும்போது பறக்கும் துகள்கள் விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படியும்.

பூசும் வரிசைக்கு வருவோம். முதலில், டேப்பின் ஓரத்தின்மீது கிளியரை மெலிதாக ஒரு முறை தெளிக்க வேண்டும். டேப்புக்கு அடியில் கசியும் வாய்ப்புள்ள நுண்துளைகளுக்குள் நிறத்துக்குப் பதிலாகக் கிளியர் போய் அடைத்துக்கொள்ளும். கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது கறுப்பு. வெளியே சிவப்புக் கரை வேண்டியவருக்கு எதற்குக் கறுப்பு என்றால், வண்டியை ஓட்டுபவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது பிளாஸ்டிக்கின் ஊடாகத் தெரிவது முதலில் பூசிய நிறம்தான். கறுப்பு இல்லாவிட்டால் உள்ளிருந்தும் சிவப்பே தெரியும். வெளிச்சம் பின்னால் விழும்போது கரை முழுவதும் விளக்குப்போல ஒளிரும், பக்கத்தில் உள்ள ஃபேரிங்கின் சிவப்போடு சேராது. கறுப்பின்மேல் சிவப்போ மஞ்சளோ நேரடியாக ஏறாது என்பதால், நடுவில் சாம்பலோ வெள்ளையோ ஒரு பூச்சு தேவை. அதன்பின் ஃபேரிங்குக்குப் பயன்படுத்திய அதே நிறம். ஆக நான்கு அடுக்குகள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் மிக மெலிதாக இருந்தால்தான் டேப்பை எடுக்கும்போது படி தட்டாது.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் பெயிண்டைப் பாலின் நீர்த்தன்மைக்குக் கரைத்து, ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில், 10 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து தெளிக்கலாம். ஸ்ப்ரே கேனாக இருந்தால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, கைவீச்சைப் பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். இரண்டிலும் தெளிப்பு டேப்பின் பக்கத்திலிருந்து கரையை நோக்கிச் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் காற்றே பெயிண்டை டேப்புக்கு அடியில் தள்ளிவிடும். ஜன்னல் திறந்த அறையில், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியுடன் வேலை செய்யுங்கள். தூசிக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

கடைசி அடுக்கு விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிடலாம். நாள் கணக்கில் விட்டால் பெயிண்ட் இறுகி, டேப்போடு சேர்ந்து பல் பல்லாகப் பிய்ந்து வரும். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், அதன்மீதே மடித்து, பரப்பை ஒட்டியவாறு மெதுவாக இழுக்க வேண்டும். எங்கேனும் அக்ரிலிக் கசிந்திருந்தால், தின்னரில் நனைத்து உதறிய பற்குச்சியால் கரையை நோக்கித் தள்ளிச் சீராக்கிவிடலாம்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிட்டில் உள்ள விண்ட்ஸ்கிரீன் 1 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், நிஜ வண்டியில் அது 12 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடிக்குச் சமமாகிவிடுகிறது. அந்த விளிம்பு வெளிச்சத்தைப் பிடித்து வெள்ளையாக மின்னினால், எவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருந்தாலும் பொம்மையின் தோற்றம் வந்துவிடும். பளபளப்பாக்கும் கட்டத்திலேயே மேல் விளிம்பை உட்புறமாகச் சரித்துத் தேய்த்து மெலிதாக்கி, இறுதியில் அவ்விளிம்பின்மீது மட்டும் தூரிகையின் பக்கவாட்டால் கறுப்பைத் தடவிவிட்டால், தடிப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை தரும் பலன் பெரிது.

ஸ்மோக் நிறம்

கருமை படர்ந்த விண்ட்ஸ்கிரீன் வேண்டுமானால் எக்ஸ்-19 ஸ்மோக்கை உள்முகத்தில் தெளிப்பது நல்லது. வெளிமுகத்தின் இயற்கையான பளபளப்பு அப்படியே இருக்கும், கை பட்டும் தேயாது. தூரிகையால் இந்த அளவுப் பரப்பைச் சீராகப் பூசுவது இயலாத காரியம் என்பதே என் கருத்து. கோடுகள் தெரிந்தே தீரும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் டிஎஸ்-71 கேனைப் பயன்படுத்தலாம்.

கிளியர் நிறங்கள் மற்ற நிறங்களைப்போல ஓர் அளவில் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் மேலும் அடர்ந்துகொண்டே போகும். ஆகவே இரண்டு பூச்சுக்குப் பின் நிறுத்தி, பாகத்தை வண்டியின்மேல் ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். கையில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வெளிறித் தெரிந்தது, கறுப்பு மீட்டர் பலகைக்கு முன்னால் போதுமான கருமையோடு தெரியும். போதாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த பூச்சு.

இண்டிகேட்டரும் டெயில் லைட்டும்

பெயிண்டைத் திறக்கும் முன் நிஜ வண்டியின் படத்தைப் பாருங்கள். பழைய வண்டிகளில் இண்டிகேட்டர் லென்ஸே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பிற்கால வண்டிகள் பலவற்றில் லென்ஸ் தெளிவாகவும் உள்ளே இருக்கும் பல்பு மட்டும் ஆரஞ்சாகவும் இருக்கும். இரண்டாவது வகையில் லென்ஸைத் தொடாமல், உள்ளே உள்ள பல்பின் வடிவத்துக்கு மட்டும் எக்ஸ்-26 ஒரு சொட்டு வைத்தால் போதும்.

லென்ஸையே பூசுவதானால் உள்முகத்தில் பூசுங்கள். தெளிக்க முடிந்தால் மூன்று மெல்லிய பூச்சுகள் போதுமானவை. தூரிகைதான் என்றால் சற்றே நிதானம் வேண்டும். பெயிண்டை லென்ஸின் நடுவே வைத்து ஓரங்களுக்கு ஒரே தடவையில் நகர்த்திவிட்டு, பூசிய இடத்துக்குத் தூரிகையைத் திரும்பக் கொண்டு போகக் கூடாது. சில நொடிகளில் பெயிண்ட் உள் மூலைகளுக்கு ஓடி, அங்கே இருண்ட வளையமாகத் திரளும். அதை உலர்ந்த தூரிகையின் நுனியால் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த பூச்சு முழுவதும் உலர்ந்த பிறகே. அக்ரிலிக் கிளியர் சிவப்பு மேலே உலர்ந்ததுபோலத் தோன்றினாலும் நாள் கணக்கில் பிசுபிசுப்பாக இருக்கக்கூடியது. விரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

டெயில் லைட்டில் கிளியர் சிவப்பு மெலிதாக இருக்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு பங்கு கிளியர் ஆரஞ்சைப் பல பங்கு சிவப்போடு கலந்தால் அந்த இளஞ்சிவப்பு போய், உண்மையான விளக்கின் நிறம் வந்துவிடும். அதைவிட முக்கியம், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் குழிவின் நிறம். அது கறுப்பாகவே இருந்தால் சிவப்பு லென்ஸ் அணைந்த கரிபோலக் கிடக்கும். குழிவுக்குள் பளபளப்பான வெள்ளியைப் பூசிவிட்டால், உள்ளே போன வெளிச்சம் திரும்பி வந்து நிறத்துக்கு உயிர் கொடுக்கும். இண்டிகேட்டருக்கும் இதுவே. சட்டத் துண்டில் நிறத்தைச் சோதிக்கும்போதும் அதை வெள்ளி பூசிய ஒரு பரப்பின்மேல் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

ஹெட்லைட் கண்ணாடிக்குப் பெரும்பாலும் நிறம் தேவையில்லை. பிரான்ஸில் 1993 வரை மஞ்சள் நிற ஹெட்லைட் வழக்கில் இருந்தது. அக்காலப் பிரெஞ்சு வண்டியைச் செய்பவர்கள் உள்முகத்தில் எக்ஸ்-24 தெளிக்கலாம். பிரதிபலிப்பானுக்குத் திரவ குரோம் பேனா நன்றாக இருக்கும். உலர்ந்தபின் அதன்மேல் கிளியர் அடித்தால் மினுமினுப்பு செத்துச் சாம்பலாகிவிடும், அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணாடியை மூடும் முன் உள்ளே ஒரு முறை காற்றை ஊதித் தூசியை வெளியேற்றுவது அவசியம், பிறகு அதற்கு வழியில்லை.

பிசகினால்

அக்ரிலிக் பூச்சு பிசகினால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கலாம். அடியில் போட்ட கிளியர் படலமும் சேர்ந்து போகக்கூடும், மறுபடி முக்கி எடுத்தால் சரியாகிவிடும். லாக்கரைத் துடைக்க லாக்கர் தின்னரைத் தொடவே கூடாது. அது பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். வாட்டர் பேப்பரால் தேய்த்து நீக்கி மறுபடி பாலிஷ் செய்வதுதான் வழி. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் கிளியர் வெண்மையாகப் பூத்துவிட்டால், தாமதமாக உலரும் தின்னரை அதிகம் கலந்த மெல்லிய கிளியரை மேலே ஒரு முறை தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை நாளில் தெளிக்காமல் இருப்பது அதைவிட எளிது.

ஒட்டுதல்

பிளாஸ்டிக் சிமென்ட் கிளியர் பாகத்தில் பட்ட இடத்தை உருக்கி மங்கச் செய்யும். உலர்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையைப் பற்குச்சி நுனியால் முளைகளில் மட்டும் தொட்டு வைத்து ஒட்டுங்கள். வெளியே வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். அழுத்தம் தாங்க வேண்டிய இடத்துக்குத் தெளிவான எபாக்ஸி பொருந்தும். முளை துளைக்குள் இறுக்கமாக இருந்தால் அமுக்கி ஏற்றாமல், துளையைச் சற்றே பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

சூப்பர் குளூவைப் பொறுத்தவரை, அதைக் கிளியர் பாகத்தில் தடவாமல் இருந்தால் மட்டும் போதாது. உலரும்போது அதிலிருந்து எழும் ஆவி அருகில் உள்ள தெளிவான பரப்புகளில் வெண்படலமாகப் படியும். சங்கிலியையோ ஃபுட்ரெஸ்ட்டையோ சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தால், அன்றே வண்டியைக் காட்சிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடாமல், ஓரிரு நாள் காற்றோட்டத்தில் வெளியே வைத்துவிட்டு, அதன்பின் விண்ட்ஸ்கிரீனைப் பொருத்துங்கள்.